பாலுக்கு ஒரு நாயம்

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு எந்த எடமா இருந்தாலும் சரிங்க. பையக் குடுங்க, மேல வெச்சர்றேன். ஈரோடுங்களா? நானும் ஈரோடுதானுங்க. அப்பக் கடைசி வரைக்கும் ஒண்ணாவே போலாங்க.

கண்டக்டர் சிரிச்சதப் பாத்தீங்களா? ‘சித்த ஒரு டிக்கெட்டு குடுங்க சாமி’ன்னேன், அதுக்குத்தான். வெளியூர்க்காரராட்ட இருக்குது. நமக்கு அப்படித்தானுங்க வாய் வரும். திருப்பூர்ல ஒரு மில்லுல முப்பத்திரண்டு வருசம் இருந்தனுங்க. மொதலாளிக்கும் ‘ங்க’தான், பஞ்சு கூட்டற அம்மாவுக்கும் ‘ங்க’தான். வழிய மறிச்சுட்டு எரும நின்னாக்கூட ‘சித்த அக்கட்டால போங்க’ம்பேன். எரும போறதில்ல, அது வேற. மரியாத குடுத்தா நம்ம வாயா தேஞ்சு போகுது?

மில்லுல எனக்கு என்ன வேலைன்னா, குவாலிட்டிங்க. பத்துக் கோன் நூலக் கொண்டாந்து மேசைல வெப்பாங்க. இது நல்லாருக்குது, இது அறுந்துபோகுது, இது நல்லாருக்குது, இது அறுந்துபோகுது. ஏன்னு நான் சொல்லோணும். உருட்டி உருட்டிப் பாத்துட்டு, ‘மூணாம் நெம்பர் மிசின்ல, ராத்திரி சிப்டுல ஓட்டுனது மட்டும் அறுவுது, போய் ரோலரப் பாருங்க’ம்பேன். போய்ப் பாத்தா அப்படியே இருக்கும். எதுல எது ஒத்துப்போகுதுன்னு பாக்கறதுல நம்மள அடிச்சுக்க ஆளில்லீங்க. நானாச் சொல்லல, மேனேஜரு சொன்னது.

ரிட்டயர் ஆனதுக்கப்பறம் அந்த மூள சும்மா இருக்குமுங்களா? ஒரு வாரப் பத்திரிகைல ‘கதவுப் புதிர்’னு போடுவாங்க. பாத்திருக்கீங்களா? ஒரு ஊட்டுக் கதவுக்குள்ள எது வரும், எது வராதுன்னு நாலஞ்சு சொல்லுவாங்க. அத வெச்சு, உள்ள விடறதுக்கு என்ன சட்டம்னு நாம கண்டுபுடிக்கோணும். இப்பப் பாருங்க: வாழ வரும், மா வராது. மழ வரும், வெய்யில் வராது. கிழவி வருவா, கொமரி வரமாட்டா. என்ன? ஆமாங்க, ‘ழ’தான். கெட்டிக்காரருங்க நீங்க. இன்னொண்ணு சொல்றனுங்க. பட்டம் வரும், படம் வராது. குப்பை வரும், தூசி வராது. தக்காளி வரும், வெங்காயம் வராது. அண்ணன் வருவான், தம்பி வரமாட்டான். ரோசிக்கறீங்க. ஒரே எழுத்து ரெட்டையா நிக்கோணுங்க, ட்ட, ப்ப, க்க, ண்ண. இதெல்லாம் நான் காப்பி ஆர்றதுக்குள்ள போடுவேன். பதினாலு தடவ என்ற பேரு பத்திரிகைல வந்திருக்குதுங்க. அப்பறம் நானே புதிர் எழுதி அனுப்பி, அதையும் போட்டாங்க. அன்னைக்குத்தானுங்க இந்தக் கெரகம் புடிச்சுது.

புதிர் வந்த சந்தோசத்துல மாடி வீட்டு ரெஜினா மேடத்தையும் பால்காரர் வேலுச்சாமியையும் உக்கார வெச்சுப் பத்திரிகையக் காட்டிட்டு இருந்தேன். ரெஜினா மேடம் நம்ம மாடில குடியிருக்கறவங்க, நாகர்கோயில் பக்கம், பேங்க்ல வேல. எங்க ஊட்டுக்காரி காப்பி கொண்டாந்தா. கொண்டாந்தவ போகல, நின்னா. நின்னுட்டு, “நானும் ஒரு கதவுப் புதிர் போடட்டுங்களா?”ன்னா.

“நீயா?”ன்னேன்.

தப்பாச் சொல்லலீங்க, ஆச்சரியத்துல கேட்டது. முப்பத்தஞ்சு வருசத்துல அவ ஒரு புதிரும் போட்டதில்ல, நான் போட்டத ஒக்காந்து கேட்டதுமில்ல. நான் சொல்ல ஆரம்பிச்சா அடுப்புல எதாச்சும் தீயும், போயிருவா.

“போடு பாக்கலாம்”ன்னேன்.

“என்ற கதவுக்குள்ள எது வேணும்னாலும் கேளுங்க. வரும்னா வரும்பேன், வராதுன்னா வராதும்பேன்”ன்னா.

சரின்னு நான் ஆரம்பிச்சேன். “தேங்கா வருமா?”

“வராதுங்க.”

“தேன் வருமா?”

“வராதுங்க.”

வேலுச்சாமி காப்பி டம்ளர வெச்சுட்டு, “அக்கா, பால் வரலாங்களா?”ன்னார்.

“வரலாம்”ன்னா.

பால், சரி. நான் நோட்டுப் புஸ்தகத்த எடுத்து எழுதிக்கிட்டேன். பால், டிக்கு. தேங்கா, தேன், பெருக்கல் குறி. நான் வார்த்தைய மட்டுந்தானுங்க எழுதுவேன், யாரு கேட்டாங்க எப்படிக் கேட்டாங்கங்கற வளவளப்பெல்லாம் எழுதறதில்ல. குவாலிட்டில அதாம் பழக்கம். சரக்கு முக்கியம்.

“மோர் வருமா? தயிர் வருமா?”ன்னேன். பால் வந்தா மோர் வரோணுமல்ல?

“ரெண்டும் வராதுங்க”ன்னா.

ரெஜினா மேடம் கேட்டாங்க, “அக்கா, இட்லிப் பானை வருமா?” வராதுன்னுட்டா. வேலுச்சாமி மறுபடியும், “சைக்கிள் வரலாங்களா அக்கா?”ன்னார். வரலாம்னுட்டா. அந்த மேடம் வேலுச்சாமியப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. எங்க பேச்சு அவங்களுக்கு இன்னும் சரியா வராது. ஆனாலும் வேணும்னே எங்களாட்ட இழுத்து, “அக்கா, இட்லிப் பானை வரலாங்களா?”ன்னாங்க.

“வரலாம்”ன்னா இவ. சொல்லிட்டு ரெண்டு பேரும் ஒருத்தர் தோள ஒருத்தர் புடிச்சுட்டுச் சிரிக்கறாங்க.

பாருங்க தம்பி. அதே இட்லிப் பானை. ஒரு நிமிசத்துக்கு முந்தி வராது, இப்ப வரும். இது புதிருங்களா? நான் கேட்டேன், “இட்லிப் பானை வருமா?” வராதுங்கறா! “பால் வருமா?”ன்னேன். பாலும் வராதாம்!

“வேலுச்சாமி கேட்டா பால் வருது, நான் கேட்டா வராதா? பாலுக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?”ன்னேன்.

“அதேதானுங்க நானும் கேக்கறேன்”னுட்டு டம்ளர எடுத்துட்டு உள்ள போயிட்டா.

வேலுச்சாமியத் தனியாக் கூப்புட்டுக் கேட்டனுங்க. “ரொம்பச் சுலுவுங்க அண்ணா, ஆனா அக்கா சொல்லக்கூடாதுன்னுட்டாங்க”ங்கறார். ரெஜினா மேடத்தக் கேட்டா, “இது உங்களுக்கான புதிர் சார், நீங்களே கண்டுபிடிக்கணும்”கறாங்க. ஆளாளுக்குத் தெரியுது, குவாலிட்டி சென்னியப்பனுக்குத் தெரியல.

விடுவனுங்களா? பத்து நாள்ல எரநூத்தி இருபத்தி ரெண்டு வார்த்த கேட்டேன். அவ அரிசி களையறப்பக் கேட்டேன், துணி காயப்போடறப்பக் கேட்டேன், டிவில சீரியல் ஓடறப்பக் கேட்டேன். “ஏ, கத்தரிக்கா வருமா?” வராதுங்க. “இந்தா, இங்க வா, பூட்டு வருமா?” வராதுங்க. ‘ழ’வப் பாத்தேன், ரெட்ட எழுத்தப் பாத்தேன். உதடு ஒட்டற வார்த்தையா இருக்குமோன்னு கண்ணாடி முன்னால நின்னு ‘பம்பரம், பம்பரம்’னு சொல்லிப் பாத்தேன். பக்கத்து ஊட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டு, ‘பல்லு வலிங்களா?’ன்னு கேட்டுட்டுப் போனார். செவ்வாக்கெழம ஒரு சட்டம், மத்த நாள் ஒரு சட்டமோன்னுகூட ரோசன பண்ணுனேன். ஒண்ணும் உள்ள போகலீங்க. எரநூத்தி இருபத்தி ரெண்டும் பெருக்கல் குறி.

ஒரு நா, வேற வார்த்தையே கெடைக்காம, “பூவாத்தாள் வருமா?”ன்னு கேட்டுப்போட்டேன். பூவாத்தாள் அவ பேருங்க. நான் பேர் சொல்லிக் கூப்புடற வழக்கமில்ல. ‘ஏ’ம்பேன், ‘இந்தா’ம்பேன், அவளுக்குத் தெரியும் அவளத்தான்னு. அன்னைக்கு அவ கையில வெச்சிருந்த கரண்டிய அப்படியே புடிச்சுட்டு என்னையப் பாத்தா. அப்பறம் “வராதுங்க”ன்னா. வழக்கமாச் சிரிச்சுட்டுத்தான் சொல்லுவா, அன்னைக்குச் சிரிக்கல. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அவ பேரே அவ கதவுக்குள்ள வராதுன்னா, அது என்ன கதவுங்க?

விஜயமங்கலம் வந்திருச்சா? தண்ணி குடிக்கறீங்களா? குடிங்க குடிங்க, ஊட்டுத் தண்ணிதான்.

அந்தச் சமயம் பாத்து ஈரோட்டுல இருந்து மக கோகிலா கூப்புட்டா. அவங்க மாமியார், அதாவது எங்க சம்பந்தியம்மா, முட்டி வலில படுத்துட்டாங்க. பத்து நாளைக்கு அம்மாவ அனுப்புங்கன்னா. போடின்னு அனுப்பி வெச்சேன். பஸ் ஏர்றப்ப இவ என்ன சொன்னான்னா, “நீங்க கேக்கறதுல ஒண்ணே ஒண்ணு உள்ள வரட்டும். சட்டத்தக்கூடச் சொல்ல வேண்டாம். அன்னைக்கே பொட்டியத் தூக்கிட்டு வந்தர்றனுங்க. அது வரைக்கும் நான் அங்கியே இருக்கறேன்”ன்னா.

வெளையாட்டுன்னு நெனச்சேன். பத்து நாள் ஆச்சு, வரல. இருவது ஆச்சு, வரல. சம்பந்தியம்மா எந்திரிச்சு நடக்கறாங்க, கோயிலுக்குப் போறாங்க, இவ வரல. இன்னைக்கு நாப்பத்தி மூணு.

தெனமும் காத்தால ஏழு மணிக்கு போன் போடுவனுங்க. அஞ்சு வார்த்த. “ஏ, எழுதி வெச்சிருக்கறேன், கேளு. யானை வருமா? சீப்பு வருமா? சாணி வருமா? கடல் வருமா? ஆணி வருமா?” வராதுங்க, வராதுங்க, வராதுங்க, வராதுங்க, வராதுங்க. அப்பறம் “சாப்புட்டீங்களா?”ம்பா. “பேச்ச மாத்தாத”ன்னு வெச்சிருவேன். நாப்பத்தி மூணு அஞ்சு எரநூத்திப் பதினஞ்சு. ஊட்டுல கேட்டது எரநூத்தி இருபத்தி ரெண்டு. ஆக மொத்தம் நானூத்தி முப்பத்தேழு வார்த்த. நானூத்தி முப்பத்தேழுல ஒண்ணு, தெரியாத்தனமாக்கூட உள்ள போகாதுங்களா?

அதுல பாருங்க, சம்பந்தியம்மா கேக்கறதெல்லாம் உள்ள போகுதாமா. கோகிலா சொன்னா. அவங்க எப்பவுமே ரொம்ப மரியாதையாப் பேசறவங்க. “பூவாத்தா அம்மா, முருங்கக்கீர வரலாங்களா?” வரலாம். “மாத்தர டப்பா வரலாங்களா?” வரலாம். மாத்தர டப்பா வருது! நான் அதே மாத்தர டப்பாவக் கேட்டேன். வராதாம்.

நேத்துப் பொறுக்க முடியாம, “நான் நேர்ல வந்து தீத்துக்கறேன், பொட்டியக் கட்டி வெய்யி”ன்னு சொன்னேன். “வந்தாலும் கதவு ஒண்ணுதானுங்க”ங்கறா. அதாம் கெளம்பிட்டேன்.

எனக்கென்ன, தனியா இருக்கறதுல ஒரு செரமமும் இல்லீங்க. ரசம் வெக்கறேன். புளி சித்த தூக்கலாப் போயிருது, அவ்வளவுதான். சோறு வடிக்கவும் தெரிஞ்சு போச்சு. இந்த வயசுல ஊட்டுல ஆளிருந்தா என்ன, இல்லாட்டி என்ன. எனக்குப் புதிர்தான் முக்கியம். தோத்துட்டு இருக்கறதுதான் தாங்க முடியல, வேற ஒண்ணுமில்ல. ஏன் அப்படிப் பாக்கறீங்க? நெசமாத்தானுங்க.

இருங்க, போன் அடிக்குது. சம்பந்தியம்மா பேரு காட்டுதுங்க. இந்தப் பாட்டுச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. கண்டக்டர் சாமி, பாட்டச் சித்த கொறைங்க!

அலோ. சொல்லுங்கம்மா, வணக்கங்க. சென்னியப்பன் பேசறனுங்க. ஆமாங்க, பஸ்லதானுங்க இருக்கறேன், பெருந்துற வந்தாச்சுங்க. சத்தமா இருக்குதுங்க, நீங்க பேசறது சரியாக் கேக்கலீங்க, நானே சொல்லிர்றனுங்க. நல்ல வேள நீங்க கூப்புட்டீங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. அவ உங்க ஊட்டுல இருக்கறது எங்களுக்குப் பெருமதானுங்க. நீங்க நல்லாப் பாத்துக்கறீங்க, கொற ஒண்ணுமில்லீங்க. ஆனா எனக்கு அங்க முடியலீங்கம்மா. ஊடு ஊடாவே இல்லீங்க. காத்தால எந்திரிச்சா, எதுக்கு எந்திரிச்சோம்னு தெரியலீங்க. வெளக்குப் போட மறந்து போயி இருட்டுலயே உக்காந்திருக்கறனுங்க. இந்தப் புதிர் கிதிரெல்லாம் கெடக்கட்டுங்க, நான் தோத்ததாவே இருக்கட்டுங்க. அவ இல்லாம என்னால இருக்க முடியாதுங்க. அவகிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலீங்க, நீங்க சித்த எடுத்துச் சொல்லுங்க. கூட்டிட்டுப் போறதுக்கு நான் இப்ப ஊட்டுக்கு வரலாங்களா?

அலோ?

அலோ, லைன் கட்டாயிருச்சுங்களா? அலோ?

என்னங்கம்மா? என்ன சொன்னீங்க? ‘வரலாம்’ங்களா?

நீயா!

ஏ, நீ எதுக்கு அவங்க போன்ல... சார்ஜ் இல்லையா? அத மொதல்லயே சொல்லக்கூடாதா, நான் பாட்டுக்கு... என்ன? நெசமாவா? உள்ள வந்திருச்சா? நான் வார்த்தையே கேக்கலியே! ஆ? இன்னொருக்கா கேக்கோணுமா? சரி. நான் வரலாமா?

அலோ? அலோ?

வெச்சுட்டாளுங்க.

தம்பி, அவதானுங்க பேசுனது. சம்பந்தியம்மா இல்ல. நான் சொன்னதெல்லாம் அவ கேட்டுட்டா. மானம் போச்சு. ஆனா ‘வரலாம்’னா தம்பி! அழுதுட்டே சொன்னா, என்ற காதுல கேட்டேன். நானூத்தி முப்பத்தேழுக்கு அப்பறம் ஒண்ணு உள்ள போயிருச்சு. எதுன்னு பாத்தீங்களா? ‘நான்’! யானை, சீப்பு, சாணி எல்லாங் கேட்டவன், ‘நான் வரலாமா’ன்னு ஒருக்காலும் கேக்கலியே. அவ கதவுக்குள்ள நான் ஒருத்தன்தான் வருவேன், அதாஞ் சட்டம். எப்படி?

இல்ல, இருங்க. ரெண்டாவது தடவ கேட்டனல்ல, ‘இன்னொருக்கா கேளுங்க’ன்னா, கேட்டேன். அப்ப என்ன சொன்னா? “வராதுங்க”ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சுட்டு வெச்சுட்டா. ரெண்டு தடவையும் ‘நான்’தானுங்களே? மொத தடவ நான் உள்ள வரலாம், ரெண்டாந் தடவ வரக்கூடாதா? இட்லிப் பான மாதிரியே இருக்குதுங்களே.

பொட்டி கட்டறாளா இல்லியான்னு தெரியலியே. ஒண்ணு உள்ள வந்தாப் போதும்னா, வந்திருச்சு. மறுபடியும் வராதுங்கறா. கூட வருவாளா மாட்டாளா? எனக்குப் பதறுதுங்க தம்பி.

என்னங்க? ரெண்டையும் அப்படியே சொல்லிப் பாக்கறதுங்களா? மொத தடவ, சம்பந்தியம்மான்னு நெனச்சு, ‘நான் இப்ப ஊட்டுக்கு வரலாங்களா?’ன்னேன். ரெண்டாந் தடவ, அவன்னு தெரிஞ்சு, ‘நான் வரலாமா?’ன்னேன். அவ்வளவுதான். வரலாங்களா. வரலாமா.

வேலுச்சாமி, பால் வரலாங்களா. நான், பால் வருமா. ரெஜினா மேடம், வருமா, அப்பறம் வரலாங்களா.

‘ங்க’தானுங்களா.

உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது தம்பி? விஜயமங்கலம் வர்றதுக்கு முந்தியேங்களா? இட்லிப் பானைக் கதை சொன்னப்பவேங்களா? தெரிஞ்சும் இத்தன நேரம் சும்மா கேட்டுட்டு வந்தீங்களே.

எருமைக்குக்கூட ‘ங்க’ போட்டனுங்களே.

எல்லாத்துக்கும் போட்டனுங்க. நெசமாலுமே எனக்குத் தோணவே இல்லீங்க. அவ மேல மரியாத இல்லாம இல்ல, சத்தியமா இல்லீங்க. அவதானேன்னு இருந்துட்டேன். முப்பத்தஞ்சு வருசம். அவ எத்தன நாள் இத மனசுல வெச்சிருந்தாளோ, சண்ட போடல, கத்தல, ஒரு புதிராட்டம் போட்டுக் காத்துட்டு இருந்திருக்கறா. நான் நோட்டுல பெருக்கல் குறி போட்டுட்டு இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு வந்திருச்சுங்களா? அய்யோ, உங்க பையி. இந்தாங்க. நீங்க எறங்குங்க. இல்ல, சித்த நில்லுங்க. ஒரு நிமிசம் பக்கத்துல இருங்க. போன் போடறேன். ரெண்டு தடவ நெம்பர் மாறிப்போச்சுங்க. மொதலாளிகிட்டப் பேசறப்பக்கூட இப்படி ஆனதில்ல.

அலோ. சம்பந்தியம்மாங்களா? நெசமாவே நீங்கதானுங்களா? அவகிட்ட... அவங்ககிட்டச் சித்த குடுங்கம்மா.

அலோ.

ஏனுங்க.

நான்தானுங்க. ஸ்டாண்டுக்கு வந்துட்டனுங்க. நீங்க சாப்புட்டீங்களா? நான் இன்னும் சாப்புடலீங்க. ஊட்டுக்கு வரலாங்களா?

அலோ? ஏ, எதுக்கு இப்ப அழுவறே... அழுவறீங்க?